நான்கு மணி நேரத்துக்கு மட்டும்

லிஸ்மோர்
12 ஜனவரி 2014

நோலா,

இது நான் உனக்குப் போடும் ஐந்தாவது கடிதம். ஏப்ரல் ஒன்பது, ஜூன் இரண்டு, ஆகஸ்ட் பதினேழு, பிறகு டெஸ்ஸின் பிறந்த நாளன்று ஒன்று. நான்குக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்தது என்று சொல்லிவிடாதே. பள்ளத்தாக்கு வாசலில் நிற்கும் அந்தத் தபால் பெட்டியை 1983-இல் கிளைவும் நானும்தான் குழி தோண்டி நட்டோம். அதற்குள் போட்டது எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் இரண்டாம் தேதி ஊர்க்கூட்டம். நான் கிளம்பி வந்து அன்றோடு ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகிறது. அன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்டு என்னைத் திரும்பக் கூப்பிடாவிட்டால் என் குடிசை வேறு யாருக்கோ போய்விடும். மறுத்து ஒருத்தர் கை தூக்கினாலே போதும், காரியம் நின்றுவிடும். இரண்டும் நாம் சேர்ந்து போட்ட விதிதான், இப்போது புலம்பிப் பயனில்லை. செப்டம்பரில், கூட்டத்தை நடத்தும் கிளைவ் என் பேரை எடுத்தபோது முப்பத்தோரு பேரில் கை தூக்கியது நீ ஒருத்திதான்.

எனக்கு இங்கே சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரில் செருகினால் மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு மிச்சம் என்று கேட்பாரில்லை. பழகவே மாட்டேன் என்கிறது. மழை இருட்டினால் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரிஸ்பேனிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் "பாட்டி ஏன் இருட்டுல இருக்காங்க?" என்று அவர்கள் அம்மாவிடம் கேட்கிறார்கள்.

டெஸ் உனக்குப் புருஷன். எனக்குத் தம்பி. நீ அவனைப் பார்ப்பதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடு கறந்தவள் நான். அவனைப் புதைத்த மேடு என் குடிசை வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. எனக்கு எழுபத்தாறு வயது. அந்த வாசலில் உட்கார்ந்து சாக வேண்டும். மார்ச் இரண்டாம் தேதி கையை மடியில் வைத்துக்கொள். பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம்.

மெர்ல்


பள்ளத்தாக்கு
23 ஜனவரி

மெர்ல்,

கடிதங்கள் வந்தன. எதுவும் தொலையவில்லை.

உன்னைப் போல நீட்டி எழுத எனக்கு வராது. போன வருஷம் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி ஆறாம் நாள் மழை. பாலம் முங்கிவிட்டது. மின்சாரம் தரும் ஓடைச் சக்கரத்தில் மரம் அடைத்து நின்றது. சூரியத் தகடுகளில் ஒன்றும் இல்லை. பேட்டரி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் என்ன எரியலாம், என்ன அணைய வேண்டும் என்று நாம் பட்டியல் போட்டிருந்தோம். முதல் இடம் டெஸ்ஸின் ஆக்சிஜன் எந்திரம். கடைசி இடம் உன் கணினிக் கொட்டகை. முப்பது வருஷம் மரத்தூளை விழுங்கிய நுரையீரல் அவனுடையது. அந்த எந்திரம் இல்லாமல் அவன் எழுந்து நடக்கக்கூட முடியாது. இதைவிடத் தெளிவான பட்டியல் உண்டா?

நாங்கள் பன்னிரண்டு பேர் ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரம் இழுத்தோம். நீ வரவில்லை. மூன்று மணிக்கு நான் மேலே வந்தேன். பள்ளத்தாக்கில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. உன் கொட்டகையில். என் வீட்டில் எந்திரம் அணைந்து கிடந்தது. டெஸ் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே கிடந்தான்.

பேட்டரியிலிருந்து எதற்கு மின்சாரம் போக வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று சொல்வது கணினியில் ஓடும் உன்னுடைய நிரல். நீ எழுதியது. நீ திருத்துவது. அன்றைக்கு அதற்குள் உட்கார்ந்திருந்தவள் நீ. கிளைவ் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டான்: "மெர்ல், என்னதான் நடந்துச்சு? சொல்லேன்." நீ வாயைத் திறக்கவில்லை. அடக்கத்தன்று திறக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு போனபோதும் திறக்கவில்லை.

இப்போது வாசலைப் பற்றி எழுதுகிறாய்.

நோலா


லிஸ்மோர்
27 ஜனவரி

நோலா,

உனக்கு நீட்டி எழுத வராது. ஆனால் ஊசி வைத்து எழுத வரும். எப்போதுமே வரும். 1981-இல் என் ஜாம் காய்ச்சும் செப்புப் பாத்திரத்தை வாங்கிப் போய் அடியில் ஓட்டையோடு திருப்பிக் கொடுத்துவிட்டு "உன் அடுப்புத்தான் சரியில்ல" என்று சொன்னவள் நீ. எனக்கு எதுவும் மறப்பதில்லை.

அது "உன்னுடைய நிரல்" என்றாய். சரி, என்னுடையதுதான். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீ வாத்தியாராக இருந்தவள். சபை நடுவே நான் ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தால் உன் மூக்கு சுருங்கும். கணினிக்கு மூக்கு கிடையாது. இந்த வரி புரியவில்லை என்று மட்டும் சொல்லும், இன்னொரு தரம் எழுதலாம். யாரோ தூக்கியெறிந்த கணினியைக் கிளைவ் கொண்டுவந்தபோது எனக்கு அறுபத்தொரு வயது. டெஸ்ஸும் நானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றோம். "ஏய் மெர்ல், இது மாடு கறக்கிற மாதிரிதான், அவசரப்பட்டா உதைக்கும்" என்பான்.

அப்படித்தான் பார்டலோட் என்ற அந்த நிரல் வந்தது. ஓடைக்கரையில் பொந்து தோண்டும் அந்தக் குட்டிப் பறவையின் பேரை வைத்தது அவன்தான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணும், குறைந்தால் பட்டியல்படி வெட்டும், அவ்வளவுதான். அதை நாங்கள் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். கம்பி எட்டாத நானூறு இடங்களில் இன்று அது ஓடுகிறது. வனுவாட்டில் ஒரு தீவு மருந்தகத்தில் லெய்மாஸ் என்று ஒரு தாதி இருக்கிறாள். அவளுடைய தடுப்பூசிப் பெட்டி அதை நம்பித்தான் குளிர்கிறது. போன வருஷம் ஜனவரியில் அவள்தான் எழுதினாள்: பேட்டரி பாதி இருக்கிறது என்று காட்டுகிறது, ஆனால் எல்லாம் அணைந்துவிட்டது என்று. எண்ணிக்கையில் பிழை. பழைய பேட்டரிகளில் வரும் பிழை. நம்முடைய பேட்டரியும் பழையதுதான் நோலா! நான் யாரோ வெளியாருக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறாயா? அன்று காலை மழை சற்று விட்டு, ஐந்து நாளுக்குப் பிறகு அன்றுதான் கூரைத் தட்டில் இணைய இணைப்பு கிடைத்தது.

"என்ன நடந்துச்சு சொல்லு" என்று என்னைக் கேட்டீர்கள். முப்பது பேரில் ஒருத்தராவது போய்ப் படித்தீர்களா? நம் பட்டியலையும் நிரலோடு சேர்த்து நான் வெளியில்தான் வைத்திருக்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ள. யார் எந்த நாள் எத்தனை மணிக்கு எதை மாற்றினார்கள் என்று பேரோடு பதிவாகியிருக்கிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யார் மாற்றியது என்று போய்ப் பார்.

மெர்ல்


லிஸ்மோர்
28 ஜனவரி

நோலா,

நேற்றுப் போட்ட கடிதத்தைப் பிரிக்காதே. அடுப்பில் போடு. பிரித்துவிட்டால் கடைசிப் பத்தியைப் படிக்காதே. காலையில் தபால் நிலையம் திறக்கும் முன்பே போய் நின்று திருப்பிக் கேட்டேன். பெட்டியில் விழுந்தது திரும்பி வராதாம்.

இன்று அவனுக்கு வருஷம் திரும்பும் நாள். மேட்டில் களை பிடுங்கினாயா?

மெர்ல்


பள்ளத்தாக்கு
14 பிப்ரவரி

மெர்ல்,

இரண்டும் ஒரே நாளில் வந்தன. முதலில் இரண்டாவதைப் பிரித்தேன். பிரிக்காதே என்று எழுதினால் பிரிக்காமல் இருப்பேனா?

களை பிடுங்கிவிட்டேன்.

நேற்று நூலக வண்டி வந்தது. வண்டி ஓட்டும் டோனா தன் கணினியில் பார்த்துத் தருகிறேன் என்றாள்.

"எந்த புஸ்தகம் வேணும் நோலா?"

"புஸ்தகம் வேணாம். மெர்லோட பொட்டிக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லன்னாங்களே?"

"பேசப் போறேன்னு சொன்னேனா? படிக்கப் போறேன்."

கால் மணி நேரம் தேடினாள். திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, டீ போடுகிறேன் என்று வெளியே போய் நின்றாள். நான் அதைக் கையால் எழுதிக்கொண்டு வந்தேன்:

"28 ஜனவரி 2013, காலை 11.42. டெஸ் டிரான்டர். கணினிக் கொட்டகை முதல் இடத்துக்கு. என் எந்திரம் கடைசி இடத்துக்கு. நான்கு மணி நேரத்துக்கு மட்டும். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. நோலா ஓடையில் இருக்கிறாள், அவள் வருவதற்குள் பழையபடி மாற்றிவிடுவேன்."

அவன் குரல்தான். வண்டிப் படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

ஒரு வருஷம் நான் உன்னை வெறுத்தேன். நீ வெறுக்க விட்டாய். பெரிய தியாகம் என்று நினைத்திருப்பாய். என்னை நீ ஒரு முட்டாளாக நடமாட விட்டாய், மெர்ல். நானூறு ஊர்க்காரர்களுக்குத் தெரியும், தாதிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஒன்று கேட்கிறேன். அந்த வரியை எடுத்துவிடு. என் புருஷன் என்னிடம் மறைத்ததை ஊர் உலகம் படிக்க வேண்டாம். எடுத்துவிட்டேன் என்று எழுது. மார்ச் இரண்டாம் தேதி என் கை மடியில் இருக்கும்.

நோலா


லிஸ்மோர்
19 பிப்ரவரி

நோலா,

மூன்று நாளாகக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். நீ மறுபடி டோனாவின் வண்டியில் ஏறிப் பார்க்கப் போவதில்லை. என் வாசலில் நான் உட்கார்ந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை அந்த வரியை எழுதினேன். உறையில் போட்டு ஒட்டிக்கூட விட்டேன்.

ஆனால் எடுக்க முடியாது. என்னிடம் இருக்கும் பிரதியில் வேண்டுமானால் அழிக்கலாம். அதை எடுத்துக்கொண்ட ஒவ்வொருவரிடமும் முழுப் பதிவும் இருக்கிறது. லெய்மாஸிடம் இருக்கிறது. அந்த வழியில்தான் அதைச் செய்தோம். யாரும், நான்கூட, நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கிவிடக் கூடாது என்று. அந்த விதி டெஸ் கேட்டது. முடிந்தாலும் செய்ய மாட்டேன். அவன் கடைசியாக எழுதியது அது. மேட்டில் இருக்கும் கல்லில்கூட அவன் பேரை வேறு யாரோதான் செதுக்கினார்கள்.

அழிக்காமல் வைத்திருப்பதில் எனக்கும் நல்ல பேர் கிடைக்காது. நீ அந்த வரியோடு நிறுத்திவிட்டாய். அதற்கு அடுத்த வரி என்னுடையது, 11.50-க்கு. லெய்மாஸின் பிழைக்கு முதல் திருத்தம். எட்டு நிமிஷம்தான் இடைவெளி. கணக்குப் பார்த்தாயா?

நான் பார்த்தேன் நோலா. அவன் கட்டிலிலிருந்தே மடிக்கணினியில் பட்டியலை மாற்றியது என் திரையில் வந்தது. அணையப் போகிறதே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்த நேரம். விளக்கு அணையவில்லை. அவன் பேர் வந்தது. "நல்ல பிள்ளை" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். உன் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே இருநூறு அடி. மழைகூட விட்டிருந்தது. போய், "டேய், சிலிண்டர் இருக்கா, முள்ளைப் பாத்தியா?" என்று கேட்டிருக்கலாம். எழுந்தால் கோர்வை அறுந்துவிடும் என்று எழவில்லை. மூன்று மணிக்கு நீ கத்தியதுதான் எனக்குக் கேட்டது. முழுத் திருத்தமும் இரண்டரைக்கே போய்விட்டிருந்தது. அப்புறமும் அரை மணி நேரம் நான் அங்கேதான் இருந்தேன். லெய்மாஸ் நன்றி எழுதியிருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன் என்று இங்கே இந்த அறையில் எனக்கு நானே பல தரம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. அந்த வரியைக் காட்டினால் அடுத்த வரியையும் காட்ட வேண்டும்.

வரி அங்கேயே இருக்கும். கூட்டத்தில் உன் இஷ்டம்போல் செய்.

மெர்ல்


பள்ளத்தாக்கு
3 மார்ச்

மெர்ல்,

கூட்டம் நேற்று முடிந்தது. கிளைவ் உன் பேரை எடுத்தான். "மெர்ல் வந்தா யாருக்கு என்ன கஷ்டம்? சொல்லுங்கப்பா." யாரும் கை தூக்கவில்லை. என்னைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டான். கை மடியில்தான் இருந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். முடிந்தது என்று வின்ஸ் எழுந்து டீத் தண்ணீர் வைக்கக்கூடப் போனான். வழக்கப்படி கிளைவ் மூன்றாம் தரம் கேட்டான்.

தூக்கிவிட்டேன்.

உன் குடிசை ஜூன் மாதத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் ஜோடிக்கு. குழந்தை இருக்கிறது. கொல்லையில் உன் சௌசௌக் கொடியை வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இது தண்டனை இல்லை. "நல்ல பிள்ளை" என்று எழுதினாயே, அதற்காகவும் இல்லை. அதைப் படித்ததும் அடுப்புப் பக்கம் போய் நின்றேன். உனக்குப் பதில் எழுதலாம் என்று நான்கு தரம் உட்கார்ந்தேன்.

அன்று காலை கட்டில் பக்கம் கூரை ஒழுகியது. கட்டிலோரம் இரண்டு சிலிண்டர் நின்றன. நிறைந்தது ஒன்று, தீர்ந்தது ஒன்று. ஒழுகும் இடத்தில் நின்றது நிறைந்தது. அதை உருட்டிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். காலியானது நனைந்தால் என்ன என்று அங்கேயே விட்டேன். டெஸ் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிச் சொல்லவில்லை. ஓடைக்கு நேரமாகிவிட்டது. அவனுக்கு எந்திரம் இருக்கிறது, பட்டியலில் முதல் இடம், சிலிண்டருக்கு என்ன அவசரம் என்று போய்விட்டேன்.

அவன் என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால், உனக்கு விட்டுக்கொடுக்கப் போவதை என்னிடம் சொல்ல வேண்டுமே. நான் கத்தியிருப்பேன். அது அவனுக்குத் தெரியும்.

கட்டிலுக்கும் அந்தக் கதவுக்கும் பதினான்கு அடி. அளந்தேன். அவன் பாதி வந்திருந்தான்.

இது கிளைவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்று உன் கொட்டகையில் விளக்கு எரிந்தது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்று நினைத்துப் பார். நீ அந்த வாசலில் தினமும் உட்கார்ந்தால் உன்னைப் பார்ப்பேன், நீ என்னைப் பார்ப்பாய், இரண்டு பேரும் மேட்டைப் பார்ப்போம். என்னால் ஆகாது. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு பேருக்கு அதற்கு இடம் இல்லை.

அழிக்க முடியாது என்றாய். சேர்க்க முடியுமா? முடியும் என்றால் என் பேரோடு இதைச் சேர். உன் வார்த்தையில் வேண்டாம், ஓர் எழுத்துக்கூட மாற்றாதே:

"28 ஜனவரி 2013, காலை 7 மணி. நோலா டிரான்டர். நிறைந்த சிலிண்டரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை."

நோலா


லிஸ்மோர்
9 மார்ச்

நோலா,

சேர்த்துவிட்டேன். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அவன் வரிக்கு மேலே வைக்கலாம் என்று பார்த்தேன், நேரம் முந்தியதுதானே. ஆனால் அங்கே எழுதிய நாளின் வரிசைதான். அதனால் ஒரு வருஷத்து மற்ற வரிகளையெல்லாம் தாண்டி, கடைசியில் நிற்கிறது. கடைசி வரியில்தான் பதிவு திறக்கும், அதனால் யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்று எதிர்பார்க்காதே. மூன்றாம் தரம் கேட்ட பிறகு தூக்கினாய். முதல் தரமே தூக்கியிருந்தால் வின்ஸ் டீத் தண்ணீருக்குப் போயிருக்க மாட்டான். மார்ச் இரண்டு, 2014. இதுவும் எனக்கு மறக்காது.

குடிசைக்குள் மேல் பலகையில் டெஸ்ஸின் பனியன் ஒன்று இருக்கிறது, பச்சை. ஜூனுக்கு முன்னால் எடுத்து நீயே வைத்துக்கொள். குழந்தைக்காரர்கள் அதை வைத்துத் தரை துடைத்துவிடுவார்கள்.

இன்று காலை லெய்மாஸ் எழுதியிருந்தாள். பட்டியலில் புதுப் பேர் பார்த்தாளாம். அந்த வரி அவளுக்குச் சரியாகப் புரியவில்லை. இந்த நோலா யார், நம்மோடு புதிதாகச் சேர்ந்தவரா என்று கேட்கிறாள்.

காலையிலிருந்து திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு என்ன பதில் எழுத?

மெர்ல்